பதினெட்டு விரற்கடைத் தண்ணீர்

— கையை எடுங்க, சாகிபே. நீங்க பிடிச்சா அண்டா ஆடுது. தண்ணி எங்க நிக்குதுன்னு தெரிய மாட்டேங்குது.

— கோட்டுக்கு வந்துருச்சா இல்லையா, அதச் சொல்லுங்க ஓவர்சியரய்யா.

— வருது, வருது. வந்துருச்சு. நாப்பத்திரெண்டு நிமிசம்.

— ஏலே மாரிச்சாமி, என் வாழைக்குப் போற மடைய அடைச்சிட்டு அவ மொளகாய்க்குத் தெறந்துவிடு. செவிட்டுப் பய, கைய ஆட்டுனாத்தான் தெரியும். ம், தெறந்துட்டான். ஏட்டி ஆரிபா, இனிமே ஓடுறது ஒன் தண்ணி. அண்டாப் பக்கம் கை வரப்படாது.

— எங்கண்ணே வருது. விடிஞ்சதுலேருந்து இந்தப் புளியமரத்து வேரை விட்டு நான் எந்திரிக்கலையே.

— இன்னிக்கு எந்திரிக்க மாட்டே. கடியாரத்தோட ஆளு உக்காந்திருக்காருல்ல. கேட்டுக்கிருங்க ஓவர்சியரய்யா, நான் பொய் சொல்லுறவன் இல்ல. பிச்சை முகம்மது ஒரு பொய் சொன்னான்னு ஊர்ல ஒருத்தன் சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன்.

— மீசை இருக்கட்டும். நான் இன்னிக்கே மலையடியில மதகு ஒண்ணைப் பாத்துட்டுச் சீவில்லிபுத்தூர் திரும்பணும். நீங்க கேக்குற மாதிரி தாள்ல எழுதி ஒப்பம் வச்சுக் குடுக்கணும்னா விசயத்தை முதல்லேருந்து சொல்லுங்க. இந்த அண்டா யாரோடது?

— எங்க அத்தாவோடது. அய்யனார் கோவில் ஆத்துலேருந்து வார கால்வாயில எங்க குடும்பத்துக்கு எட்டு நாளைக்கு ஒருக்க ஒரு அண்டா நேரம் தண்ணி. அண்டாவ ரொப்பி, அடியில இருக்குற ஊசி ஓட்டையத் தெறந்துவிட்டா, அது வடியுற வரைக்கும் கால்வாய் எங்களுக்கு. வடிஞ்சு முடிஞ்சதும் அடுத்த குடும்பத்துக்கு மாத்திரணும். அண்டாவப் பாத்துக்கிருங்க, மேலயும் கீழயும் ஒரே அகலம். உள்ள ஒசரம் பதினெட்டு விரக்கடை. ஒரு நூலு கூடாது, கொறையாது.

— உங்க தகப்பனார் காலமான பொறவு?

— மார்க்கப்படி பிரிச்சோம். ஆம்பளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளைக்கு ஒரு பங்கு. நெலமும் அப்படித்தான், தண்ணியும் அப்படித்தான். பதினெட்டுல மேல பன்னெண்டு விரக்கடை எனக்கு. கீழ ஆறு அவளுக்கு. நடுவுல கோடு. இதுல என்ன வில்லங்கம் இருக்கு, சொல்லுங்க.

— கோட்டுல ஒண்ணும் தெரியலை. மேல சொல்லுங்க.

— நாலு வருசமா ரெண்டு பங்குக்காரன் வாழை குருத்து மடங்கி நிக்குது. ஒரு பங்குக்காரி மொளகா காடா நிக்குது. போன வருசம் அவ வரப்புல வெண்டைக்கா வேற. தண்ணி மிஞ்சினாத்தானே வரப்புக்கு வெண்டைக்கா வரும். நான் முதல்ல பாச்சிட்டு வாழைக்குள்ள போயிருவேன். இங்க அண்டாகிட்ட இவ மட்டுந்தான் இருப்பா. ஓட்டையில தேன்மெழுகை அப்பி, தண்ணி இறங்குறதை மட்டுப்படுத்திருதா. அண்டா மெதுவா வடியும், கால்வாய் அம்புட்டு நேரமும் அவளுக்கு ஓடும்.

— நீங்க கண்ணால பாத்தீங்களா?

— பாத்தா நான் எதுக்கு ஒங்களைக் கூப்பிடுதேன். வர வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு ஜமாத்துல கூடுறாங்க. களவு நெசம்னு ஒரு வெளியாளு எழுதிக் குடுத்தா இவ பங்குத் தண்ணிய வெட்டிருவாங்க. செங்கோட்டையில மலையக் கொடஞ்சு ரயிலு போடுற எடத்துல வேலை பாத்தவரு, மாதாகோயிலுக்குப் போற வேதக்காரரு, யாருக்கும் சாயமாட்டாருன்னு சொன்னாங்க. அதான்.

— அம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?

— நான் என்னய்யா சொல்ல. தண்ணிய வெட்டுனா மொளகா போயிரும். தண்ணி இல்லாத நெலத்தை வச்சுக்கிட்டு நானும் எம் மகனும் வெறிச்சுப் பாத்துக்கிட்டா இருக்கப் போறோம். பொறவு அதையும் அண்ணன் வாங்கிக்கிடும். அம்புட்டுத்தான்.

— பாத்தீங்களா வாயை. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டுப் பேசுறதைப் பாத்தீங்களா.

— செத்த பொறுங்க சாகிபே. காலையில அண்டா நெறஞ்சு நின்னப்ப சிரட்டைய அடியில பிடிச்சு எண்ணச் சொன்னேன்ல. எம்புட்டு எண்ணுனீங்க?

— இருவது. இருவதுல சிரட்டை ரொம்பிருச்சு.

— இப்பப் பிடிங்க. அதே சிரட்டை, அதே மாதிரி எண்ணுங்க. வேகமா எண்ணப்படாது.

— ஒண்ணு, ரெண்டு, மூணு...

— மனசுக்குள்ள எண்ணுங்க.

— ...முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு. இப்பத்தான் ரொம்புது. பாத்தீங்களா ஓவர்சியரய்யா, அடைச்சிட்டா. ஏட்டி, எப்படீட்டி அடைச்சே?

— கண்ணாலயே அடைச்சேன்.

— வேடிக்கை பண்ணாதே.

— சாகிபே, அம்மா எந்திரிக்கவே இல்ல. நான் அவங்களைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஓட்டையில இப்ப ஈர்க்குச்சி விட்டுக் காட்டுறேன், பாருங்க. குச்சி லேசா போயிட்டு வருது. மெழுகும் இல்ல, தூசியும் இல்ல.

— அப்ப இருவதுல ரொம்புனது ஏன் முப்பத்தஞ்சு ஆகுது? ஓட்டை அதேதானே?

— ஓட்டை அதேதான். மேல நிக்குற தண்ணிதான் கொறைஞ்சிருச்சு. தண்ணி கனமா நிக்குறப்ப அடியில இருக்குறதை அமுக்கித் தள்ளும். சீறிக்கிட்டு வரும். தண்ணி இறங்க இறங்க அமுக்குற கனமும் இறங்கும், வாரதும் மெலியும். பள்ளிவாசல்ல ஜும்மா முடிஞ்சு வெளிய வாரதைப் பாத்திருப்பீங்கல்ல?

— நான் பாக்காமயா.

— முதல்ல எப்படி வாராங்க?

— நெருக்கியடிச்சுத்தான். பின்னால இருக்குறவன் தள்ளுவான்ல.

— கடைசி பத்துப் பேரு?

— அவனுக எங்க வருவானுக. ஒருத்தன் செருப்பைத் தேடுவான், ஒருத்தன் தூணைப் பிடிச்சுக்கிட்டுக் கதை பேசுவான்.

— வாசல் அதே வாசல்தானே? அகலம் கொறையலையே?

— ம்.

— அதேதான் இது.

— தண்ணி செருப்பைத் தேடுதா?

— தேடுதுன்னே வச்சுக்கிடுங்க.

— ஏன்யா, எங்கத்தா காலத்துலேருந்து இந்த அண்டாதான். ஒருத்தரும் இப்படிச் சொல்லலையே.

— அவர் காலத்துல அண்டா முழுசும் ஒரே வீட்டுக்கு ஓடுச்சு. வேகமா வடிஞ்சாலும் மெதுவா வடிஞ்சாலும் வீட்டுக்குள்ளதான். நடுவுல கோடு போட்டதுக்குப் பொறவுதான் இது ஒரு விசயமாச்சு. இன்னும் செத்த நேரம் உக்காருங்க. முழுசும் வடியட்டும். நான் வாயால சொல்றதைவிடக் கடியாரம் சொல்லட்டும்.

— வெயிலு ஏறுது. ஆரிபா, அந்தப் பதநிக் கலயத்தை எடு. ஓவர்சியரய்யாவுக்கு ஊத்து.

— எந்திரிக்கப்படாதுன்னியே அண்ணே.

— இதுக்கு எந்திரிக்கலாம்டி. அண்டாவச் சுத்திப் போ.

— அது சரி.

— நல்லா இருக்கும்மா, போதும். பையன் எங்க, மாரிச்சாமியோட நிக்கானா?

— ஆமாய்யா. அவிய அத்தா பேதியில போனப்ப மடியில கெடந்தான். இப்ப மடைய மாத்துறேன்னு மம்பட்டியத் தூக்கிட்டுத் திரியுதான்.

— சாகிபே, இங்க வாங்க. விரலை வச்சுப் பாருங்க. தண்ணி எவ்வளவு நிக்குது?

— ரெண்டு விரக்கடை.

— அறுபத்தேழு நிமிசம். குறிச்சுக்கிட்டேன். இப்பச் சிரட்டையப் பிடிச்சு எண்ணுங்க.

— இன்னுமா. சரி... அம்பத்தொம்பது, அறுவது. அறுவது வரைக்கும் எண்ண வேண்டியதாப் போச்சு. இது என்ன ஓவர்சியரய்யா, கெழவன் ஒண்ணுக்குப் போற மாதிரி வருது.

— இனிமே இன்னும் மெலியும்.

— இந்த ரெண்டு விரக்கடை வடிய எம்புட்டு நேரம் ஆகும்?

— பாத்துக்கிட்டே இருங்க.

— ஏலே மாரிச்சாமி, நீ ஏம்லே இங்க எட்டிப் பாக்குதே. மடையில நில்லு.

— அவனுக்கும் அதிசயமா இருக்கும்ல அண்ணே. நீ ஒரு நாளும் இம்புட்டு நேரம் அண்டாகிட்ட உக்காந்தது இல்லையே.

— எனக்கு வாழைக்குள்ள ஆயிரம் வேலை.

— அது சரி.

— இப்பச் சொட்டுது. சொட்டு சொட்டா. ஓவர்சியரய்யா, இதைத் தண்ணின்னு சேக்கணுமா?

— உங்க ஊர் வழக்கம் என்ன? அண்டா வடிஞ்சு சொட்டு நிக்குற வரைக்கும் மொறைன்னுதானே சொன்னீங்க?

— ஆமா.

— அப்பச் சேக்கணும். கால்வாயில தண்ணி சொட்டு சொட்டாவா போகுது? அங்க எப்பவும் போலத்தான் ஓடுது. அண்டாவுக்குள்ளதான் மெலியுது.

— அது எனக்குத் தெரியாதா.

— தெரிஞ்சிருந்தாச் சரி. ம், நின்னுருச்சு. நூறு நிமிசம். மாரிச்சாமிக்குக் கையக் காட்டுங்க சாகிபே, அடுத்த குடும்பத்துக்கு மாத்தட்டும்.

— எம்புட்டுன்னு விளக்கமாச் சொல்லுங்க.

— உங்க பன்னெண்டு விரக்கடை வடிய நாப்பத்திரெண்டு நிமிசம். அம்மாவோட ஆறு விரக்கடை வடிய அம்பத்தெட்டு நிமிசம். மெழுகு இல்ல, கை வைக்கலை, களவு இல்ல.

— நாப்பத்திரெண்டா. ரெண்டு பங்குக்காரனுக்கு நாப்பத்திரெண்டு, ஒரு பங்குக்காரிக்கு அம்பத்தெட்டா?

— ஒவ்வொரு மொறையும். நாலு வருசமா.

— யா அல்லா.

— களவு இல்லைன்னு எழுதிருவேன் சாகிபே. வேற மாதிரி எழுத முடியாது.

— எழுதுங்க, எழுதுங்க. களவு இல்ல, கோடு கோணல்னு எழுதுங்க. சரியான கோடு எங்க வரணும்? அதையும் எழுதுங்க.

— நூறு நிமிசத்துல மூணுல ஒண்ணு முப்பத்துமூணு. கடைசி முப்பத்துமூணு நிமிசம் எங்க ஆரம்பிச்சுது? அறுபத்தேழுல. அப்பத் தண்ணி ரெண்டு விரக்கடையில நின்னுச்சு, நீங்களே விரலை வச்சுப் பாத்தீங்க. கோடு ரெண்டு விரக்கடையில வரணும்.

— பதினெட்டுல ரெண்டு. அவளுக்கு ரெண்டு, எனக்குப் பதினாறு. நீங்க நல்லா இருக்கணும் ஓவர்சியரய்யா. ஏட்டி, கேட்டியா? ரெண்டு விரக்கடை.

— கேட்டேன்.

— அந்த ஆறு விரக்கடைக் கோட்டைப் போட்டது யாரு, சாகிபே?

— நாந்தான். என் கையால, ஆணிய வச்சு. ஆனா மேல் பங்கா கீழ் பங்கான்னு ஒரு பேச்சு வந்துச்சு. வந்துச்சுல்ல ஆரிபா?

— வந்துச்சு. கைப்பிள்ளைய வச்சிருக்கேன், முதல் ஆறு விரக்கடைய நான் பாச்சிட்டு வீட்டுக்குப் போயிருதேன்னு கேட்டேன். ஆம்பளை நிக்குறப்பப் பொம்பளைக்கு முதல் தண்ணியான்னே. நாலு பேரு சிரிச்சாங்க.

— முதல் ஆறு விரக்கடை வடிய இன்னிக்குப் பதினெட்டு நிமிசம். குறிச்சு வச்சிருக்கேன். அன்னிக்கு நீங்க விட்டுக் குடுத்திருந்தா சாகிபே, நூத்துல எம்பத்திரெண்டு உங்களுக்கு வந்திருக்கும். ஒருத்தரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

— ஏன்யா அதையும் சொல்லுதிய. வயித்தெரிச்சலா இருக்கு.

— கடியாரத்துல இருக்குறதைச் சொன்னேன்.

— ஆரிபா. இங்க பாரு. ஒனக்குத் தெரியுமா?

— எது?

— இது. அண்டா இப்படித்தான் வடியும்னு.

— மொத மொறையில தெரியலை. மூணாவது மொறையில தெரிஞ்சுச்சு. அந்தா, அந்தக் கல்லுல அடுப்பு வச்சிருந்தேன். ஒன் தண்ணி ஓடி முடியுறதுக்குள்ள சோறு பாதிதான் வெந்துச்சு. என் தண்ணியில சோறு வெந்து, வடிச்சு, புளிக்கொழம்பும் வச்சு எறக்கி, பிள்ளைக்கு ஊட்டியும் விட்டேன். அப்பவும் அண்டாவுல ஒரு விரக்கடை நின்னுச்சு.

— நாலு வருசமாத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டு வாயத் தெறக்கலை. ஓவர்சியரய்யா, இது களவு இல்லையா? கேட்டுக்கிருங்க, மெழுகு வச்சு அடைச்சாத்தான் களவா? இதையும் சேத்து எழுதுங்க.

— அம்மா, அவர் கேக்குறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

— சொல்லுதேன். அண்ணே, ரெண்டு பங்குத் தண்ணி ஒனக்கு எதுக்கு?

— எதுக்கா? ரெண்டு பங்கு நெலம் இருக்குல்ல.

— ஒரு பங்குத் தண்ணி எனக்கு எதுக்கு?

— ஒரு பங்கு நெலத்துக்கு.

— ஒரு பங்கு நெலம் எனக்கு எங்க இருக்கு?

— இந்தா ஆரம்பிச்சுட்டா. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்குறது யாரோடதுடி? ஊரு முன்னால அளந்து குடுத்தேன். நூத்தியிருவது தப்படி எனக்கு, அறுவது தப்படி ஒனக்கு. மாரிச்சாமி எண்ணுனான்.

— எண்ணுனதுல தப்பே இல்ல. நூத்தியிருவதும் சரி, அறுவதும் சரி. நடந்தது யாரு?

— நாந்தான் நடந்தேன். இன்னொருத்தன் காலையா எரவல் வாங்க முடியும்?

— ஒனக்கு அளக்குறப்ப ஓடையத் தாண்டுற மாதிரி நடந்தே. எனக்கு அளக்குறப்ப மய்யத்தைத் தூக்கிட்டுப் போறவங்க பின்னால போற மாதிரி நடந்தே.

— காலு வலிச்சுச்சு. நூத்தியிருவது தப்படி நடந்துட்டு வாரவனுக்குக் காலு வலிக்காதா?

— அளந்து முடிச்ச கையோட பக்கத்து வீட்டுல கறிச்சோறுன்னு கூப்பிட்டாங்க. அங்க ஓடுனே.

— ஓவர்சியரய்யா, சிரிக்காதிய.

— சிரிக்கலை. இருமல்.

— அண்டா விசயம் தெரிஞ்சப்ப மறுநாளே சொல்லணும்னுதான் இருந்தேன். சரி, இவன் நெலத்தைக் காலுல எடுத்துக்கிட்டான், அண்டாவுல அதுவாத் திரும்பி வருதுன்னு விட்டுட்டேன். அண்டாவ நான் கேக்கலை. கோட்டை நான் போடலை. ஆனா நீ என்னைத் திருடின்னு ஜமாத்துல நிக்கச் சொல்லுவேன்னு நான் நெனைக்கலை அண்ணே.

— இப்ப என்ன செய்யணுங்குதே?

— ஓவர்சியரய்யா, நெலம் அளக்குற இரும்புச் சங்கிலி ஒங்க வண்டியில கெடக்குன்னு எம் மகன் சொன்னான். நெசமாய்யா?

— இருக்குதும்மா. இந்த ரெண்டு துண்டு நெலத்துக்கு அரை மணி நேரம் போதும். சாகிபே, அளக்கவா?

— அதெதுக்கு இப்ப. ஒங்களுக்கு மதகைப் பாக்கப் போகணும்ல.

— மதகு ஓடிப் போகாது.

— வேண்டாம் ஓவர்சியரய்யா. வெயிலு வேற. ஏலே மாரிச்சாமி, அண்டாவத் தூக்கி வீட்டுக்குள்ள வையி. கேட்டுக்கிருங்க, நான் ஞாயம் தெரிஞ்சவன். கூடப் பொறந்தவளோட ரெண்டு விரக்கடைக்கும் ஆறு விரக்கடைக்கும் மல்லுக்கு நிக்குறவனா நான்? கோடு எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். அவளே அம்பத்தெட்டு நிமிசமும் பாச்சிக்கிடட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

— வெள்ளிக்கெழம ஜமாத்துல என்ன சொல்லுவே அண்ணே?

— யாரும் திருடலைன்னு சொல்லுவேன்.

— தண்ணியையா, நெலத்தையா?

— ஏட்டி, அதான் அம்புட்டுத் தண்ணியும் ஒனக்கேன்னு சொல்லிட்டேன்ல. இன்னும் என்னடி வேணும்? ஓவர்சியரய்யா, நீங்க கெளம்புங்க.

— ரெண்டு பேரும் ஒரு வார்த்தையாச் சொல்லுங்க. வண்டியக் கட்டச் சொல்லவா, சங்கிலிய எறக்கச் சொல்லவா?

— சங்கிலிய எறக்கச் சொல்லுங்கய்யா. அளந்து முடிச்ச பொறவு ஒங்க கையாலயே ஆறு விரக்கடைக் கோட்டை அழிச்சிட்டு, ரெண்டு விரக்கடையில போட்டுட்டுப் போங்க.